பழுதுபார்த்த பின் குளிராத கார் ஏசி

கண்டன்சர், கம்ப்ரசர், கூலிங் காயில், குழாய் ஆகியவற்றுள் ஒன்றை மாற்றி அல்லது சரிசெய்து மீண்டும் கேஸ் நிரப்பிய பிறகும் மகிழுந்தின் குளிரூட்டி சரியாக இயங்காமல் போவது உண்டு. இக்குறை பழைய பழுதின் தொடர்ச்சியாக இருக்கலாம். பல நேரங்களில் அது பழுதுபார்க்கும் வேலையின்போதே புதிதாக உண்டானது. இந்த வேறுபாட்டைப் பாராமல், ‘கேஸ் இறங்கிவிட்டது’ என்று மறுபடியும் நிரப்பிவிடுவது இத்துறையில் அடிக்கடி காணப்படும் தவறு.

புதுக்கோட்டை மாவட்டம் போன்ற வெப்பம் மிக்க பகுதியில் இக்குறை விரைவில் வெளிப்படும். மாலையில் பட்டறை நிழலில் நன்றாகக் குளிர்ந்த கார், மறுநாள் நண்பகலில் கீரனூர் வழியாகத் திருச்சி விமான நிலையத்துக்குப் போகும்போது வெறுங்காற்றை வீசக்கூடும். அந்தத் தொலைவு 50 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். வெளிநாட்டிலிருந்து வருவோரை அழைத்துவர இந்தச் சாலையில் வாடகைக் கார் ஓட்டுபவருக்கு இரண்டாம் முறை பட்டறைக்குப் போவது ஒரு நாள் வருமானத்தை இழப்பதாகும். அங்கேயும் காரணத்தை அறியாமல் கேஸ் ஏற்றினால், நல்ல நிலையில் இருந்த கம்ப்ரசரும் கெட்டுப்போக வாய்ப்புண்டு.

குளிரூட்டும் சுற்று

கார் ஏசி என்பது மூடிய சுற்று. இஞ்சின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரசர், ஆவியாக உள்ள கேஸை அழுத்திச் சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னுள்ள கண்டன்சருக்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. ட்ரையர் அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளை வழியே டேஷ்போர்டுக்குள் உள்ள கூலிங் காயிலுக்குப் பாய்ந்து, அழுத்தம் சட்டென்று குறைவதால் ஆவியாகிக் குளிர்கிறது. ப்ளோயர் அந்தக் காயிலின் வழியாகக் காற்றைத் தள்ளுகிறது. கம்ப்ரசருக்கு உயவாக இருக்கும் எண்ணெயும் கேஸோடு சேர்ந்தே சுற்றி வருகிறது.

இன்று இந்தியச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் உள்ள கேஸ் ஆர்-134ஏ. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 26 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். எரிபொருளைப் போல இது செலவாகித் தீர்வதில்லை. ரப்பர் குழாய்கள், ஷாஃப்ட் சீல் வழியாகப் பல ஆண்டுகளில் சிறிதளவு வெளியேறும். புதிதாக நிரப்பி ஒரு மாதத்தில் குளிர் போய்விட்டால் எங்கோ கசிகிறது, அல்லது குறை கேஸில் இல்லை.

சுற்றைத் திறக்கும்போது நேர்வது

ஒரு குழாயைக் கழற்றியதும் கேஸ் வெளியேறி, அது இருந்த இடத்தில் காற்றும் காற்றிலுள்ள ஈரமும் புகுகின்றன. கழற்றிய பாகத்தோடு கொஞ்சம் எண்ணெயும் போய்விடுகிறது. பழைய ஓ-ரிங் வளையங்கள் நசுங்கி இருக்கும். அவற்றையே மீண்டும் போட்டால் கசியும். ஆர்-134ஏ கார்களில் பயன்படும் பி.ஏ.ஜி. எண்ணெய் ஈரத்தை உப்பைப் போல இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. உள்ளூரில் கிடைக்காத பாகம் திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்து சேரும் வரை இரண்டு மூன்று நாள் குழாய் முனைகள் திறந்தே கிடந்தால், ட்ரையர் வெளிக்காற்றின் ஈரத்தை உறிஞ்சியே நிரம்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். முனைகளை மூடி வைக்க ஒரு பிளாஸ்டிக் மூடி போதும். அப்படித் திறந்து கிடந்த வண்டிக்கு ட்ரையரையும் மாற்றுவதே முறை. பல புதிய கார்களில் ட்ரையர் தனிப் புட்டியாக இல்லாமல் கண்டன்சரின் பக்கவாட்டுக் குழாய்க்குள் சிறு பையாக இருப்பதால், அப்படி ஒன்று இருப்பதே மறக்கப்பட்டுவிடுவதும் உண்டு.

உள்ளே புகுந்த காற்றையும் ஈரத்தையும் நீக்கவே ‘வேக்கம்’ போடப்படுகிறது. ஈரத்தை நேரடியாக உறிஞ்சி எடுக்க முடியாது. அழுத்தத்தைக் குறைத்து அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கித்தான் வெளியே எடுக்க முடியும். கடல் மட்டக் கணக்கில், 35 டிகிரி வெப்பத்தில் மீட்டர் முள் ஏறத்தாழ 28 அங்குல வெற்றிடத்தைத் தாண்டும்போதுதான் உள்ளிருக்கும் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். மார்கழியில் 25 டிகிரி இருக்கும்போது 29 அங்குலம் வேண்டும். ஆகவே கோடை வெயில் இந்த ஒரு வேலைக்கு மட்டும் உதவி செய்கிறது. பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரையே வேக்கம் பம்பாகப் பயன்படுத்தும் வழக்கம் சிறு பட்டறைகளில் உண்டு. அது 26, 27 அங்குலத்தில் நின்றுவிட்டால், எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் காற்றின் பெரும்பகுதி போகும், தண்ணீர் அப்படியே கிடக்கும்.

பம்பை நிறுத்திய பின் முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் சற்றே இறங்கி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் மிச்சமிருக்கிறது. நில்லாமல் இறங்கிக்கொண்டே வந்தால் கசிவு உள்ளது. அசையாமல் நின்றாலும் கசிவே இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது. வெற்றிடத்தில் குழாயின் சுவர் தாங்குவது ஒரு காற்றழுத்தத்தை மட்டும். ஓடும்போது கண்டன்சர் தாங்குவது அதைப்போல் 15 மடங்குக்கு மேல். அதுவும் உள்ளிருந்து வெளிநோக்கி.

மீட்டர் போடுவதற்கு முன்

பழுதுபார்ப்புக்குப் பிந்திய கோளாறுகளில் கணிசமானவை கேஸோடு தொடர்பில்லாதவை. சுற்றைத் தொடுவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுவது நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

ஏசி பொத்தானை அழுத்தியதும் கம்ப்ரசரின் முன்தட்டு ‘டக்’ என்று பிடித்துச் சுழல வேண்டும். பிடிக்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, கம்ப்ரசர் கனெக்டர், பிரஷர் சுவிட்சின் கனெக்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கண்டன்சர் மாற்றும்போது கழற்றிய பிரஷர் சுவிட்ச் கனெக்டரை மாட்ட மறப்பது சாதாரணமாக நடப்பது. பல கார்களில் இந்தச் சுவிட்ச், அழுத்தம் ஏறத்தாழ 28 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனாலும் 450 பி.எஸ்.ஐ.யை எட்டினாலும் கம்ப்ரசரை நிறுத்திவிடும். கேஸ் இல்லாமல் கம்ப்ரசர் ஓடிக் கெடாதிருக்கவே இந்த ஏற்பாடு. சுவிட்சின் இரு முனைகளையும் ஒயரால் இணைத்து ‘டைரக்ட்’ கொடுத்து அனுப்புவது கம்ப்ரசரை அழிக்கும் வேலை. சில புதிய கார்களில் கிளட்ச் இல்லாத கம்ப்ரசர் இருக்கும்; அவற்றில் ‘டக்’ சத்தமே வராது.

அடுத்து ஃபேன். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலிலோ ரயில்வே கேட்டிலோ நின்றால் குளிர் போய்விடுகிறது என்றால் கண்டன்சர் வழியாகப் போதுமான காற்று போகவில்லை. ஃபேன் மோட்டார் மாற்றிய வண்டியில் ஒயர் தலைகீழாக இணைக்கப்பட்டு இறக்கை எதிர்த்திசையில் சுழல்வது உண்டு. பார்வைக்கு ஃபேன் ஓடும். காற்று மட்டும் உள்ளே வராமல் முன்னால் தள்ளப்படும். முன் கிரில்லில் ஒரு தாளை வைத்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து விழுந்தால் திசை தவறு.

கண்டன்சரின் மெல்லிய தகடுகளில் செம்மண் தூசி அடைத்துக்கொண்டாலும் இதே குறை தோன்றும். கல்குவாரிப் பகுதிகளில் ஓடும் வண்டிகளில் ரேடியேட்டருக்கும் கண்டன்சருக்கும் இடையே உள்ள இடுக்கில் படியும் தூசி வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. கண்டன்சரைக் கழற்றாமல் முன்பக்கம் மட்டும் தண்ணீர் அடித்தால் அது அங்கேயே சேறாகிவிடும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வேறு பிரச்சினை. உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரித்து உதிர்த்துவிடும். தகடு உதிர்ந்த கண்டன்சரில் கசிவே இல்லாவிட்டாலும் வெப்பம் வெளியேறாது.

டேஷ்போர்டைக் கழற்றிக் கூலிங் காயில் மாற்றிய வண்டி என்றால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ஹீட்டர் கதவின் கேபிள் சரியாக மாட்டப்படாவிட்டால் குளிர்ந்த காற்றோடு சூடான காற்று கலந்து வரும். காயிலுக்குப் போகும் குழாய் சில்லென்று வியர்த்திருக்கும், ஆனால் உள்ளே குளிர் இராது. காயிலின் வெப்பத்தை அளக்கும் சென்சார் அதன் பழைய இடத்தில் செருகப்படாவிட்டால் காயில் பனிக்கட்டியாக உறைந்துவிடும். வடிகுழாய் சரியாகப் பொருந்தாவிட்டால் தண்ணீர் வண்டிக்குள்ளேயே, பெரும்பாலும் இடப்பக்க முன் இருக்கையின் கால் வைக்கும் இடத்தில் சொட்டும். புளிய மரத்தடியில் நிறுத்தப்படும் கார்களில் கண்ணாடிக்குக் கீழுள்ள துவாரம் வழியாகச் சிற்றிலைகள் விழுந்து காற்றுப்பாதையையும் கேபின் ஃபில்டரையும் அடைத்துக்கொள்ளும். இதற்குப் பழுதுபார்த்தவர் பொறுப்பல்லர்.

நின்ற நிலை அழுத்தம்

மேற்சொன்னவை சரியாக இருந்தால் மீட்டரை மாட்டலாம். பட்டறைகளில் பெரும்பாலும் ஓடும் நிலை அழுத்தத்தை மட்டும் பார்க்கிறார்கள். வண்டியை ஓட்டாமலே செய்யும் ஒரு சோதனை அதைவிடத் தெளிவான விடையைத் தருகிறது, செலவும் இல்லை. ஆனாலும் இதைச் செய்பவர்கள் குறைவு.

காரை இரவு முழுதும் நிழலில் நிறுத்தி, காலையில் இஞ்சினைத் தொடாமல் இரண்டு மீட்டர்களையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவைக் காட்டும். மூடிய பாத்திரத்தில் திரவமும் ஆவியும் சேர்ந்திருந்தால் அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பது அல்ல. வீட்டு எரிவாயு உருளையில் பாதி தீர்ந்த பிறகும் அடுப்பு அதே வேகத்தில் எரிவதற்கும் இதுவே காரணம். தூய ஆர்-134ஏ 25 டிகிரியில் 82 பி.எஸ்.ஐ., 30 டிகிரியில் 97, 35 டிகிரியில் 114, 40 டிகிரியில் 133 காட்டும். சில எண்கள் கூடக்குறைய இருப்பது மீட்டரின் பிழை.

காலை வெப்பம் 30 டிகிரியாக இருக்கும்போது மீட்டர் 125 காட்டினால், கேஸோடு வேறேதோ கலந்துள்ளது. பெரும்பாலும் அது வேக்கம் சரியாகப் போடாததாலோ, மஞ்சள் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றாமல் கேஸ் ஏற்றியதாலோ உள்ளே தங்கிய காற்று. காற்று கண்டன்சரில் திரவமாகாது. மேற்புறத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். 70 தான் காட்டுகிறது என்றால் உள்ளே திரவமே மிஞ்சவில்லை, பெருமளவு கசிந்துவிட்டது. சரியாக 97 காட்டினால் காற்று இல்லை என்பது உறுதி. ஆனால் கேஸ் அளவு சரி என்று பொருளல்ல. 200 கிராம் இருந்தாலும் 600 கிராம் இருந்தாலும் அதே 97 தான்.

ஓடும்போது மேல் அழுத்தம் மிகையாக இருந்து குளிர் குறைவாக இருந்தால் அது கேஸ் மிகையா, காற்றா என்ற குழப்பம் எழும். இரண்டும் ஓடும் மீட்டரில் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரியும். நின்ற நிலைச் சோதனை இவற்றைப் பிரித்துக் காட்டும். கேஸ் மிகை என்றால் கொஞ்சம் மீட்டெடுத்தால் சரியாகும். காற்று என்றால் முழுவதையும் எடுத்து, வேக்கம் போட்டு, புதிதாக நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

ஓடும் நிலை அழுத்தம்

இஞ்சினை 1500 சுற்றில் வைத்து, ப்ளோயரை முழு வேகத்தில் விட்டு, பத்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். 35 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் கீழ் அழுத்தம் ஏறத்தாழ 25 முதல் 45 பி.எஸ்.ஐ., மேல் அழுத்தம் 200 முதல் 275 வரை இருப்பது இயல்பு. வண்டிக்கு வண்டி இது மாறும் என்பதால் எண்ணை விட இரண்டு முள்களின் சேர்க்கையே முக்கியம்.

இரண்டும் தாழ்வாக இருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்வாக இருந்தால் முதலில் ஃபேனையும் கண்டன்சரையும், பிறகு கேஸ் மிகையையும் காற்றையும் சந்தேகிக்க வேண்டும். கீழ் முள் உயர்ந்து மேல் முள் தாழ்ந்து இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் கம்ப்ரசர் அழுத்தவில்லை. கீழ் முள் பூஜ்யத்துக்கும் கீழே வெற்றிடப் பக்கம் போனால் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு.

குளிர்ந்து பின் நின்றுபோதல்

பட்டறையில் சோதித்தபோது குளிர்ந்து, அரை மணி நேரம் ஓடியபின் குளிர் நின்று, ஏசியைச் சிறிது நேரம் அணைத்துப் போட்டால் மீண்டும் குளிரும் வண்டிகளே மெக்கானிக்குக்கும் உரிமையாளருக்கும் மனத்தாங்கலை உண்டாக்குபவை. ஒருவர் ‘நேற்று பார்த்தீர்களே, நன்றாக இருந்ததே’ என்பார். மற்றவர் ‘விராலிமலை தாண்டவில்லை’ என்பார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டிலும் தண்ணீர் உறைகிறது, ஆனால் வெவ்வேறு இடங்களில். சுற்றுக்குள் மிஞ்சிய ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் துளிப் பனியாக உறைந்து கேஸின் வழியை மறித்தால், காற்று அதே வேகத்தில் வரும். குளிர் மட்டும் போய்விடும். மீட்டரில் கீழ் முள் வெற்றிடத்துக்குப் போவதைக் காணலாம். அணைத்ததும் அந்தத் துளி உருகி வழிவிடும். இதற்குக் கேஸை எடுத்து, ட்ரையர் மாற்றி, நீண்ட நேரம் ஆழ்ந்த வேக்கம் போட வேண்டும்.

காயிலின் வெளிப்புறத்தில் பனி படர்ந்தால் நிலைமை வேறு. ப்ளோயர் சத்தம் அப்படியே இருக்கும், ஆனால் வரும் காற்றின் அளவு குறைந்துகொண்டே போகும். அணைத்துச் சற்று நேரத்தில் வண்டிக்கு அடியில் வழக்கத்துக்கு மிஞ்சி தண்ணீர் ஒழுகும். இங்கே சென்சாரின் இருப்பிடத்தையும் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். சுற்றைத் திறக்கத் தேவையே இல்லை.

எடை

ஒவ்வொரு காரின் பானட்டுக்குள்ளும் எத்தனை கிராம் கேஸ், எந்த வகை என்று ஒட்டப்பட்டிருக்கும். சிறிய கார்களில் அது 300 முதல் 500 கிராம் வரை இருப்பது வழக்கம். 380 கிராம் கொள்ளும் வண்டியில் 450 கிராம் டின் ஒன்றை முழுதாக ஏற்றினால் அதுவே மிகை. எடைத்தராசின் மேல் டின்னை வைத்து ஏற்றுவதே நம்பத்தக்க முறை. ‘மீட்டர் பார்த்து’ ஏற்றுவதில் உள்ள சிக்கல், அழுத்தம் அன்றைய வெயிலையும் பொறுத்தது என்பதே. மாலையில் 200 பி.எஸ்.ஐ. வரும் வரை ஏற்றிய வண்டி மறுநாள் நண்பகலில் 300-ஐத் தாண்டும். முன்னர் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று தெரியாத வண்டியில் மேலே மேலே ஏற்றுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஊற்றுவதுதான். முழுவதையும் மீட்டெடுத்து எடை பார்த்து நிரப்ப வேண்டும்.

எண்ணெயும் உலோகத் துகளும்

சிறிய கார் ஒன்றின் சுற்றில் மொத்த எண்ணெய் ஒரு தேநீர்க் குவளை அளவுதான். கூலிங் காயிலோ கண்டன்சரோ மாற்றினால் அதோடு போன எண்ணெய்க்கு ஈடாகச் சில பத்து மில்லி சேர்க்க வேண்டும்; சரியான அளவு தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். புதிய கம்ப்ரசரில் பெரும்பாலும் முழுச் சுற்றுக்கும் வேண்டிய எண்ணெய் நிரப்பியே வரும். அதை அளந்து, பழையதிலிருந்து வடிந்த அளவுக்குக் குறைக்காமல் மாட்டினால் எண்ணெய் மிகையாகிக் காயிலில் தேங்கிக் குளிரைக் குறைக்கும். மின்சார, ஹைப்ரிட் கார்களின் கம்ப்ரசர் மோட்டார் எண்ணெயில் நனைந்தே ஓடுகிறது. அவற்றில் மின்சாரம் கடத்தாத பி.ஓ.இ. எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். அதில் பி.ஏ.ஜி. கலந்தால் மின்கசிவு ஏற்பட்டு வண்டியே நின்றுவிடலாம்.

கம்ப்ரசர் உடைந்து மாற்றப்பட்ட வண்டியில் இன்னொரு அபாயம் உண்டு. உடைந்ததன் உலோகத் துகள்கள் கண்டன்சருக்குப் போய்விட்டிருக்கும். இன்றைய கண்டன்சர்களின் பாதைகள் மிக நுண்ணியவை என்பதால் எதைக் கொண்டு கழுவினாலும் அவை முழுதாக வெளிவருவதில்லை. கண்டன்சரையும் ட்ரையரையும் மாற்றாமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால், அடுத்த கம்ப்ரசரும் அந்தத் துகளாலேயே கெடும். முதலில் மிச்சப்படுத்தியதாகத் தோன்றிய பணம் அப்போது இரண்டு மடங்காகச் செலவாகும்.

கசிவும் கலப்படமும்

கசிவைத் தேட நைட்ரஜனை ஏறத்தாழ 150 பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏற்றிச் சோப்பு நுரை தடவுவது எளிய முறை. மாற்றப்பட்ட பாகத்தின் இணைப்புகள், மீட்டர் மாட்டிய வால்வுகள், கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் என்ற வரிசையில் பார்க்கலாம். கசியும் இடத்தில் எண்ணெயில் ஒட்டிய தூசி கறையாகத் தெரியும். ஆக்சிஜனையோ அழுத்தக் காற்றையோ இதற்குப் பயன்படுத்தக் கூடாது. எண்ணெயோடு சேர்ந்த அழுத்த ஆக்சிஜன் வெடிக்கும். அழுத்தக் காற்று ஈரத்தை உள்ளே ஏற்றும்.

மலிவு விலைக் கேஸ் மற்றொரு காரணம். எல்.பி.ஜி. வகை வாயுக்களும் குளிரைத் தரும். ஆனால் அவை தீப்பற்றுபவை, காயில் கசிந்தால் பயணிகள் இருக்கும் இடத்திலேயே நிரம்பும். ஆர்-134ஏ என்ற பெயரில் மீதைல் குளோரைடு கலந்து விற்கப்பட்டதும் உண்டு. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டவுடன் தீப்பற்றும் சேர்மத்தை உண்டாக்குகிறது. 2011-இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் கப்பல் குளிர்ப் பெட்டகங்களின் குளிரூட்டிகள் இவ்வாறே வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நின்ற நிலை அழுத்தம் பட்டியலோடு ஒத்துவராத புதிய கேஸைக் காற்று என்று மட்டும் எண்ணிவிடாமல், டின்னையும் சந்தேகிக்க வேண்டும்.

பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடுவது இன்னும் பல பட்டறைகளில் வழக்கம். இதற்கு முன் கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தைச் சிதைத்ததால் 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் நெறிமுறையின் கீழ் விலக்கப்பட்டது. ஆர்-134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 1430 மடங்கு புவியைச் சூடாக்குகிறது. 400 கிராம் கேஸைத் திறந்துவிடுவது சுமார் 250 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். இவ்வகை வாயுக்களைக் குறைப்பதற்கான 2016-ஆம் ஆண்டின் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது; 2032 முதல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஐரோப்பாவில் புதிய கார்கள் ஏற்கெனவே ஆர்-1234ஒய்எஃப் என்ற கேஸுக்கு மாறிவிட்டன. பானட்டுக்குள் அந்தப் பெயர் ஒட்டப்பட்டிருக்கும் வண்டியில் ஆர்-134ஏ ஏற்றக் கூடாது.

பில்லில் இருக்க வேண்டியவை

மாற்றிய பாகத்தின் பெயர், கேஸின் வகையும் எடையும், சேர்த்த எண்ணெயின் வகையும் அளவும், வேக்கம் போட்ட நேரம், ஒப்படைக்கும்போது நடு வென்ட்டில் இருந்த வெப்பநிலை ஆகிய ஐந்தையும் எழுதி வாங்கிக்கொண்டால், குறை திரும்பும்போது எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பது எந்த மெக்கானிக்குக்கும் விளங்கும். கடும் வெயிலில் உட்காற்றைச் சுழலவிட்டு ஓட்டும்போது வென்ட்டில் 10 முதல் 14 டிகிரி கிடைப்பது நல்ல நிலை. அந்த அளவை நண்பகலில் எடுக்க வேண்டும். சேவைக் குறைபாடு குறித்து 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகவும் இந்தப் பில்லே ஆவணம். ‘ஏசி வேலை’ என்று ஒரே வரியில் தொகையை எழுதித் தரும் சீட்டு அங்கே அதிகம் பயன்படாது.